பிடரி

இஸ்தான்புல், ஷிஷ்லி, நான்காவது மாடி.
குப்புறப் படுத்திருக்கிறார் டப்ளினிலிருந்து வந்த தபால்காரர்.
பிடரியிலிருந்து ஒவ்வொன்றாய்த் தோண்டி எடுக்கிறேன்,
வேரோடு, ஈரத்தோடு.
உப்புநீர்த் தட்டில் பத்துப் பத்தாய் அடுக்கினால்
மாலைக்குள் இரண்டாயிரத்து நானூறு.

உச்சியில் போனதும் இதே தலையின் முடிதான்.
இரண்டுக்கும் ஒரே ரத்தம்தான்.
டி.எச்.டி. என்றொரு ஹார்மோன்
நெற்றிப் பக்கம் வந்து கதவைத் தட்டினால்
அங்குள்ள வேர்கள் ஒடுங்கிப்போகும்,
வருஷா வருஷம் மெலிந்து பூனைமயிராகி,
பிறகு அதுவும் இல்லை.
பிடரிக்கு மட்டும் காது கேட்காது.
தட்டினால் தட்டட்டும் என்று இருந்துவிடும்.
அந்தச் செவிட்டு முடியைத்தான் குடிபெயர்க்கிறோம்.
முன்னால் வந்த பிறகும் அதற்குக் காது முளைப்பதில்லை.
எங்கள் தொழில் மொத்தமும் இவ்வளவுதான்.

மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற மாத்திரை உண்டு,
தினமும், நிறுத்தாமல், என்பார் டாக்டர்.
மொழிபெயர்க்கும் பையன்
'நிறுத்தாமல்' என்பதை எப்போதும் விழுங்கிவிடுவான்.

மதியம் தொப்பியைக் கழற்றினால்
உள்ளே என்னுடையது.
எண்ணிப் பழகிய கை, சும்மா இருக்காது:
நாற்பத்தொன்று.

சின்னவளுக்கு எட்டு மாதம்.
பிள்ளை பெற்றால் கொட்டத்தான் செய்யும் ஃபெராயே,
தானாக நின்றுவிடும் என்றாள் நாத்தனார்.
நிற்கவில்லை.
வகிடு ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது.
பகலெல்லாம் ஆண்களுக்கு நட்டுவிட்டு
ராத்திரி குளியலறைச் சல்லடையில்
என்னைப் பொறுக்கி எடுக்கிறேன்.

மயிரைக் கட்டி மலையை இழு,
வந்தால் மலை, போனால் மயிர்.
இதைச் சொன்னவனுக்குத்
தலை நிறைய இருந்திருக்கும்.

ரத்தம் கொடுத்தேன்.
தைராய்டு தூங்குகிறதாம். இரும்புச்சத்து தரைதட்டிவிட்டதாம்.
வெறும் வயிற்றில் ஒரு வெள்ளை மாத்திரை,
தேநீருக்கு அரை மணி பொறுக்க வேண்டும்.
இந்த ஊரில் அதற்கு
மொட்டையாகவே இருந்துவிடலாம் என்றார் இல்ஹாமி.
அவருக்குத் திருமணத்தின்போதே வழுக்கை.

வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள். டொருன், பெர்கனில் பஸ் ஓட்டுகிறவள்.
மாதவிடாய் நின்று மூன்று வருஷம்.
பணத்தை உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தாள்.
மேலாளர் அதற்குள் அவள் நெற்றியில்
ஊதாக் கோடு வரைந்து முடித்திருந்தார்.
பிடரியில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
தடித்தது ஒன்று, நூலானது நான்கு.
கடன் கேட்கப் போகிற வீடே ஓட்டாண்டி.

எனக்கு வரும் நாலு ஆங்கிலச் சொல்லில் கேட்டேன்,
ரத்தம் பார்த்தீர்களா?
இல்லை. யாரும் கேட்கவில்லை.

கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து
டி.எஸ்.எச்., ஃபெரிட்டின் என்று எழுதினேன்.
தடவுகிற மருந்தைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.
ஆரம்பத்தில் இன்னும் கொட்டும்,
பயந்து விட்டுவிடாதீர்கள்.
ஆறு மாதம்.

ஊதாக் கோட்டை ஸ்பிரிட்டால் துடைத்தாள்.
முழுதாய்ப் போகவில்லை.
என் தொப்பியைக் காட்டி, நீ, என்றாள்.
கழற்றினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்,
பஸ் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்க்கிறவள்போல்.
பிறகு உறையைக் கைப்பைக்குள் போட்டு
ஜிப்பை இழுத்து மூடினாள்.

மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை.
இந்த வாரம் கருவி கழுவும் அறையில் நான்,
கமிஷன் கிடையாது.
கொதிநீரின் ஆவி முகத்தில் அடிக்கிறது.
தபால்காரர் நாளை ஊருக்குப் போகிறார்.
நட்டதெல்லாம் முதலில் ஒருமுறை உதிரும்,
பிறகுதான் வளரும் என்பதை
அந்தப் பையன் விழுங்காமல் சொன்னானா தெரியவில்லை.

காலை ஆறு பத்து.
அடுப்பில் தேநீர் கறுத்துக்கொண்டிருக்கிறது.
மாத்திரை போட்டு இருபத்தாறு நிமிஷம்.
சின்னவள் மடியில் உட்கார்ந்து
என் முடியைக் கொத்தாய்ப் பிடித்திருக்கிறாள்.
இன்னும் நான்கு நிமிஷம்.
இழுக்கட்டும்.